வீட்டுக்குள் ஒரு முதியவர் வதைபடுகிறார்: போலீசையும் சமூகநலத்துறையையும் சேர்ந்து வேலை செய்ய வைப்பது எப்படி?

பெற்ற மகனே அடிக்கிறான், சோறு போடாமல் வைத்திருக்கிறான் என்று ஸ்டேஷனுக்குப் போனால் "இது குடும்பப் பிரச்சினைங்க, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல மனு கொடுங்க" என்பார்கள். சரி என்று ஆர்.டி.ஓ. (வருவாய் கோட்டாட்சியர்) அலுவலகத்துக்கோ சமூகநல அலுவலகத்துக்கோ போனால் "அடிக்கிறாங்கன்னா அது போலீஸ் கேஸ் ஆச்சே" என்பார்கள். இந்த இரண்டு வாசல்களுக்கும் நடுவில் அலைந்து அலைந்து, பஸ் காசு தீர்ந்து, கடைசியில் அதே மகன் வீட்டுக்கே திரும்பிப்போன பெரியவர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர். இரண்டு தரப்பும் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் இது இவ்வளவு கடினமாகிறது. இன்று ராத்திரி அடி விழாமல் தடுக்கப் போலீசால் முடியும். அடுத்த மாதம் அவர் எங்கே தூங்குவார், மருந்துக்கு யார் பணம் தருவார்கள் என்பதைப் போலீசால் தீர்க்க முடியாது, அது சமூகநலத்துறையும் ஆர்.டி.ஓ.வும் செய்ய வேண்டியது. ஒன்று மட்டும் நடந்து மற்றது நடக்காவிட்டால் நிலைமை முன்பைவிட மோசமாகும், ஏனென்றால் புகார் கொடுத்த கோபமும் சேர்ந்துகொள்ளும்.

இந்த இரண்டு அலுவலகங்களும் தாமாகப் பேசிக்கொள்ளும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் மனுவின் நகல்தான் அவர்களைப் பேச வைக்கும். கீழே சொல்லியிருப்பது பெரும்பாலும் அதைப் பற்றித்தான். பக்கத்து வீட்டுக்காரர், தூரத்துச் சொந்தம், தன்னார்வலர், வெளிநாட்டில் இருக்கும் மகள், யாராக இருந்தாலும் இதைச் செய்யலாம்.

முதல் படி: இன்று ராத்திரி உயிருக்கு ஆபத்து உண்டா?

உண்டு என்றால் மனு எழுதிக்கொண்டிருக்காதீர்கள். 112-ஐக் கூப்பிடுங்கள் (பழைய 100-ம் வேலை செய்யும்), காயம் இருந்தால் 108. போனில் கதை சொல்லாமல் நான்கே விஷயம் சொன்னால் போதும்: வயது, முகவரி, இப்போது என்ன நடக்கிறது, கதவு பூட்டியிருக்கிறதா. "பூட்டியிருக்கிறது" என்பது முக்கியமான வார்த்தை, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

உடனடி ஆபத்து இல்லை, ஆனால் நிலைமை சரியில்லை என்றால் 14567. இது மத்திய அரசின் முதியோர் உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரை இயங்கும், கட்டணம் இல்லை. தேவைப்பட்டால் நேரில் ஆள் அனுப்பி விசாரிக்கும் ஏற்பாடும் இதில் உண்டு. அவர்கள் துறை சார்ந்தவர்களிடம் பேசிப் பழகியவர்கள் என்பதால், இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவில் நிற்க ஒரு ஆள் கிடைத்த மாதிரி ஆகும். பெண்ணாக இருந்தால் 181-ம் உண்டு.

இரண்டாவது: அந்தப் பெரியவரிடம் தனியாகப் பேசுங்கள்

பலரும் தாண்டிப்போவது இந்த இடத்தைத்தான். அவர் குழந்தை இல்லை. தன் வாழ்க்கையைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை அவருக்கு 80 வயதிலும் இருக்கிறது, அந்த முடிவு நமக்குப் பிடிக்காததாக இருந்தாலும் சரி. "பையன் ஜெயிலுக்குப் போகக் கூடாது, அடிக்காம இருந்தா போதும்" என்று ஒரு அம்மா சொன்னால், அதுதான் உங்கள் மனுவின் நோக்கமாக இருக்க வேண்டும். அவரைக் கேட்காமல் நீங்களே போய்க் கடுமையான புகார் கொடுத்தால், விசாரணை அன்று அவர் "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்லிவிடுவார். அதன்பிறகு அந்த வீட்டுப் பக்கம் எந்த அதிகாரியும் வர மாட்டார்.

மகனோ மருமகளோ பக்கத்தில் இருக்கும்போது கேட்காதீர்கள். கோயில், ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், எங்கே தனியாகக் கிடைப்பாரோ அங்கே பேசுங்கள். "கொடுமைப்படுத்துறாங்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், மானப் பிரச்சினை. காலையில் என்ன சாப்பிட்டீங்க, மருந்து யார் வாங்கித் தர்றாங்க, ஓ.ஏ.பி. (முதியோர் உதவித்தொகை) பணம் கைக்கு வருதா, ஏ.டி.எம். கார்டு யார்கிட்ட இருக்கு, வீடு இப்போ யார் பேர்ல இருக்கு, ராத்திரி எங்கே படுக்குறீங்க என்று கேட்டுப் பாருங்கள். மாதம் 1,200 ரூபாய் உதவித்தொகை வருகிற ஒருவர் அந்தப் பணத்தைக் கண்ணால் பார்த்து ஆறு மாதம் ஆகிறது என்றால் அதுவே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

நினைவு தடுமாறுகிறவர், பேச முடியாதவர் என்றால் அவரது சம்மதம் கிடைக்கவில்லை என்பதற்காக நாம் சும்மா இருந்துவிட முடியாது. அதற்குச் சட்டத்தில் வேறு வழி உண்டு, கீழே வருகிறது.

மூன்றாவது: தாள் சேர்ப்பது

அதிகாரிகள் இரக்கத்தை வைத்து உத்தரவு போட முடியாது, தாள் வேண்டும். ஒரு சாதாரண நோட்டில் தேதி, நேரம், பார்த்தது, கேட்டது எழுதி வையுங்கள். யூகத்தை எழுதாதீர்கள். காயம் இருந்தால் அரசு மருத்துவமனைக்குத்தான் முதலில் போக வேண்டும், தனியார் கிளினிக்கில் கட்டுப்போட்டுவிட்டு வந்தால் பின்னால் நிரூபிக்கப் பெரும்பாடு. "கீழே விழுந்துட்டேன்" என்று சொல்லாமல் யார் எதனால் அடித்தது என்று டாக்டரிடம் சொன்னால் அது விபத்துப் பதிவேட்டில் ஏறும். அந்த ஏ.ஆர். காப்பி ஸ்டேஷனிலும் ஆர்.டி.ஓ.விடமும் ஒரே மாதிரி மதிப்புள்ளது. ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குத் தகவலும் போய்விடும்.

சொத்து எழுதி வாங்கியிருந்தால் வில்லங்கச் சான்றும் செட்டில்மென்ட் பத்திர நகலும் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் பதிவுத்துறை இணையதளத்திலேயே விண்ணப்பித்து வாங்கலாம். வங்கி பாஸ்புக்கில் பதிவு போட்டு வாங்குங்கள். ஆதார், வயதுச் சான்று நகல் இரண்டு செட்.

நான்காவது: ஸ்டேஷனில் என்ன எழுத வேண்டும்

"அடிக்கிறார், நடவடிக்கை எடுக்கவும்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. ஆயுதம் இல்லாமல் கையால் அடித்துச் சாதாரணக் காயம் ஏற்படுத்துவது, பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 115(2) பிரிவில், கோர்ட் அனுமதி இல்லாமல் போலீஸ் நேரடியாக விசாரிக்க முடியாத குற்றம். அவர்கள் கைவிரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம், எல்லா நேரமும் அலட்சியம் என்று சொல்ல முடியாது. ஆனால் அறையில் பூட்டி வைப்பது 127-வது பிரிவு, போகவிடாமல் மறிப்பது 126, இரண்டிலும் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடலாம். பணத்தையோ நகையையோ நம்பிக்கை மோசடி செய்வது 316. நடந்தது எதுவோ அதை ஒன்றுவிடாமல் எழுதுங்கள், நடக்காததை ஒரு வரிகூடச் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று மிக முக்கியம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-இன் 24-வது பிரிவுப்படி, பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவர் ஒரு மூத்த குடிமகனை அடியோடு கைவிடும் நோக்கத்தில் எங்காவது விட்டுவிட்டுப் போனால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனை சிறிதுதான். ஆனால் 25-வது பிரிவு, இந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றம் போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடியது என்று தெளிவாகச் சொல்கிறது. "இது ஆர்.டி.ஓ. சட்டம், எங்களுக்குச் சம்பந்தம் இல்லை" என்று சொல்லும் இன்ஸ்பெக்டரிடம் பணிவாக இந்த 25-ஐக் காட்டுங்கள்.

மனு கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றதற்கான எண்ணிட்ட ரசீது) வாங்காமல் நகராதீர்கள். அந்த எண் இல்லாவிட்டால் நீங்கள் ஸ்டேஷனுக்குப் போனதற்கே சாட்சி இல்லை. எஃப்.ஐ.ஆர். ஆனால் நகல் இலவசமாகத் தர வேண்டும். எல்லை பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் எஃப்.ஐ.ஆர். பதியலாம் என்பது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) சட்டத்தின் 173-வது பிரிவு. வாங்க மறுத்தால் அதே பிரிவின்படி எஸ்.பி.க்கு, சென்னை போன்ற நகரமாக இருந்தால் கமிஷனர் அலுவலகத்துக்கு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

60 வயதைத் தாண்டிய ஆணையும், எந்த வயதுப் பெண்ணையும், மாற்றுத்திறனாளியையும், கடும் நோயாளியையும் சாட்சி விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, அவர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் வர வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். 179). முட்டிவலியோடு பெஞ்சில் நாள்முழுக்கக் காத்திருக்கும் பெரியவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஒரு வரி அவர்களுக்குத் தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றும்.

ஐந்தாவது: அதே நாளில் சமூகநலத்துறைக்கு

மறுநாள் வேண்டாம், முடிந்தால் அதே நாள். ஸ்டேஷனில் கொடுத்த மனுவின் நகல், மேலே சி.எஸ்.ஆர். எண், "நகல்: மாவட்ட சமூகநல அலுவலர், வருவாய் கோட்டாட்சியர், காவல் ஆய்வாளர்" என்று எல்லாருடைய பெயரும் ஒவ்வொரு தாளிலும் இருக்க வேண்டும். ஒருவர் கேட்டால் இன்னொருவர் பதில் சொல்ல வேண்டிய நிலை வந்தால்தான் கோப்பு நகரும். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்தால் ஒரே இடத்தில் பல துறை அதிகாரிகள் இருப்பார்கள், மனுவுக்கு எண்ணும் கிடைக்கும்.

சமூகநல அலுவலகத்தில் கேட்க வேண்டியவை இவை. 2007 சட்டத்தின் 18-வது பிரிவுப்படி மாவட்ட சமூகநல அலுவலர்தான் பராமரிப்பு அலுவலர், அல்லது அந்த நிலைக்குக் குறையாத ஒருவர். பெற்றோர் விரும்பினால் ஆர்.டி.ஓ.வின் பராமரிப்புத் தீர்ப்பாயத்தில் அவர்கள் சார்பில் நிற்க வேண்டியவரும் அவரே. தங்க இடம் இல்லை என்றால் பதிவு பெற்ற முதியோர் இல்லத்தில் இடம். வதைபடுவது ஒரு அம்மாவோ பாட்டியோ என்றால் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005 அவருக்கும் பொருந்தும், அது கணவன் மனைவிக்கு மட்டும் என்று பலரும் தவறாக நினைக்கிறார்கள். அதற்கான பாதுகாப்பு அலுவலர் இதே துறையில்தான் இருக்கிறார். அவர் எழுதும் குடும்ப நிகழ்வு அறிக்கையை வைத்து, அந்தத் தாயின் மீது எந்த வன்முறையும் கூடாது என்று மாஜிஸ்திரேட் பாதுகாப்பு உத்தரவு போடலாம், அந்த உத்தரவை மீறினால் அது தனிக் குற்றம், போலீஸ் வந்தாக வேண்டும். இரண்டு துறைகளையும் இவ்வளவு இறுக்கமாகக் கட்டிப்போடும் சட்டம் வேறு இல்லை என்பேன், வயதான பெண்களுக்கு இது பயன்படுத்தப்படாமலே கிடக்கிறது.

ஆறாவது: இருவரும் சேர்ந்து வீட்டுக்கு வருவது

இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான கட்டம். 2007 சட்டத்துக்கான மத்திய அரசின் மாதிரி விதிகளில் இது எழுதியே இருக்கிறது: ஒவ்வொரு காவல் நிலையமும் தன் எல்லைக்குள் இருக்கும் மூத்த குடிமக்களின், முக்கியமாகத் தனியாக வசிப்பவர்களின், பட்டியலை வைத்திருக்க வேண்டும். முடிந்தவரை ஒரு சமூகப் பணியாளரோ தன்னார்வலரோ கூடவர, போலீஸ்காரர் ஒருவர் மாதம் ஒருமுறையாவது அவர்களைப் போய்ப் பார்க்க வேண்டும். எத்தனை ஸ்டேஷனில் இது ஒழுங்காக நடக்கிறது என்று கேட்டால் வருத்தம்தான் மிஞ்சும், ஆனாலும் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. "இவர் பெயரை மூத்த குடிமக்கள் பட்டியலில் சேர்த்து, சமூகநலத்துறை பணியாளருடன் மாதந்தோறும் பார்வையிடக் கோருகிறேன்" என்று மனுவில் ஒரு வரி சேருங்கள். எஃப்.ஐ.ஆர். வேண்டாம் என்று சொல்லும் பெற்றோருக்கு இது மட்டுமே போதுமான பாதுகாப்பாகிவிடுவதும் உண்டு, போலீஸ் மாசாமாசம் வருகிறது என்று தெரிந்தாலே பலர் கை ஓங்க மாட்டார்கள்.

சேர்ந்து வரும் நாளில் முதலில் பேச வேண்டியது சமூகப் பணியாளர். சீருடையைப் பார்த்ததும் தெரு கூடிவிடும், பெரியவர் கூனிக்குறுகிப்போய் வாயே திறக்க மாட்டார். மஃப்டியில் வரச் சொல்லிக் கேளுங்கள், பெண்ணாக இருந்தால் பெண் காவலர். பெரியவரோடு உள்ளே ஒருவர், மகனோடு வெளியே திண்ணையில் ஒருவர் என்று பிரிந்து பேசுவது அவசியம். இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்தால் அது பஞ்சாயத்தாகிவிடும், "இனிமே இப்படிப் பண்ண மாட்டேன்" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தத் தாளுக்குச் சட்டத்தில் பெரிய மதிப்பில்லை.

இப்படிச் சேர்ந்து வேலை செய்வது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்குச் சென்னைப் பெருநகரக் காவல்துறையின் ‘காவல் கரங்கள்’ நல்ல உதாரணம். 2021-இல் தொடங்கியது. தெருவில் ஆதரவற்றுக் கிடப்பவர் பற்றித் தகவல் வந்தால் போலீஸ், மாநகராட்சி, தொண்டு நிறுவனங்கள் மூன்றும் ஒரே கட்டுப்பாட்டு அறையிலிருந்து இயங்குகின்றன. மீட்பது, மருத்துவமனை, காப்பகம், வெளிமாநிலத்துக்காரர் என்றால்கூட குடும்பத்தைத் தேடிச் சேர்ப்பது வரை போகிறார்கள். ஒரே அறை, ஒரே பதிவேடு என்பதுதான் அதன் பலம். தெருவில் கிடப்பவருக்குச் செய்ய முடிகிறதை வீட்டுக்குள் வதைபடுபவருக்கும் எல்லா மாவட்டத்திலும் செய்யலாம், மனசு இருந்தால்.

தோட்டத்து வீடுகளில் தனியாக வாழும் வயதான தம்பதிகளுக்கும் ஸ்டேஷனின் மூத்த குடிமக்கள் பட்டியல் உயிர் காக்கும் விஷயம். 2025-இல் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் ஒரு வயதான தம்பதி தோட்டத்து வீட்டில் கொல்லப்பட்டது கொங்குப் பகுதியையே உலுக்கியது. அங்கே பெற்றோரை விட்டுவிட்டு ஊருக்கு வெளியே வேலை பார்ப்பவர்கள், பிரச்சினை எதுவும் இல்லாவிட்டாலும், அவர்கள் பெயரைப் பதிந்து வைத்துவிடுங்கள்.

ஏழாவது: ஆர்.டி.ஓ. தீர்ப்பாயம்

தமிழ்நாட்டில் வருவாய் கோட்டாட்சியர்தான் பராமரிப்புத் தீர்ப்பாயம், மேல்முறையீடு கலெக்டரிடம். பெரியவரால் முடியாவிட்டால் அவர் அதிகாரம் கொடுத்த வேறு யாரும், ஒரு அமைப்பும்கூட மனு கொடுக்கலாம், தீர்ப்பாயம் தானாகவும் எடுத்துக்கொள்ளலாம். நோட்டீஸ் போனதிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும், காரணம் எழுதி இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம். 2007 சட்டத்தில் பராமரிப்புத் தொகைக்கு மாதம் 10,000 ரூபாய் உச்சவரம்பு. வழக்கு முடியும்வரை இடைக்காலத் தொகை கேட்க மறக்காதீர்கள். பிள்ளை இல்லாதவர்கள், தங்கள் சொத்து யாருக்குப் போகுமோ அந்த உறவினர் மீது மனு கொடுக்கலாம்.

எழுதிக் கொடுத்த வீட்டைத் திரும்பப் பெறுவது 23-வது பிரிவு. பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு கொடுத்து, பிறகு பார்க்காமல் விட்டால் பத்திரத்தை ரத்து செய்யலாம். நிபந்தனை பத்திரத்தில் எழுதியிருக்கிறதா என்பதில்தான் சண்டையே வரும். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், இந்தச் சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகவே பொருள்கொள்ள வேண்டும், சொத்தை ஒப்படைக்கச் சொல்லவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. இனிமேல் எழுதிக் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து அந்த ஒரு வரியைப் பத்திரத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

உத்தரவு வாங்குவதோடு வேலை முடிவதில்லை. "இந்த உத்தரவைச் செயல்படுத்த சம்பந்தப்பட்ட காவல் ஆய்வாளர் உதவ வேண்டும்" என்ற வாசகம் உத்தரவிலேயே இருக்கும்படி மனுவில் கேளுங்கள். அது இல்லாமல் போனால் ஸ்டேஷனில் மறுபடி முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும்.

பெரியவருக்கு மனநோயோ ஊனமோ இருந்தால்

பாதை கொஞ்சம் மாறும். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 100-வது பிரிவுப்படி, மனநோயோடு தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் அலைபவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது ஸ்டேஷன் பொறுப்பாளரின் கடமை. லாக்கப்பில் வைக்கவே கூடாது. வீட்டுக்குள் சங்கிலி போட்டு வைத்திருந்தாலோ கவனிக்காமல் விட்டிருந்தாலோ 101-வது பிரிவு பொருந்தும், தகவல் தெரிந்த அதிகாரி உடனே மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், இதற்குக் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை.

மாற்றுத்திறனாளி என்றால் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 7-வது பிரிவு. யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம் (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) தகவல் கொடுக்கலாம். புகார் வாங்கும் போலீஸ்காரர், அருகில் எந்த மறுவாழ்வு அமைப்பு இருக்கிறது, இலவச சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்பதையெல்லாம் அவருக்குச் சொல்லியாக வேண்டும். பொறுப்பில் இருந்துகொண்டு தெரிந்தே சாப்பாடோ தண்ணீரோ மறுத்தால் 92-வது பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. படுத்த படுக்கையாகி மாற்றுத்திறனாளி சான்று உள்ள முதியவருக்கு இது 2007 சட்டத்தைவிடப் பல மடங்கு வலுவானது.

தென்மாவட்டக் கிராமங்களில் தலைக்கூத்தல் (முதியவரைக் குடும்பத்தினரே கொன்றுவிடும் வழக்கம்) பேச்சு காதில் விழுந்தால், மேலே சொன்ன எந்த வரிசையையும் பார்க்காதீர்கள். 112-ம் கலெக்டர் அலுவலகமும் ஒரே நேரத்தில். 2010-இல் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு முதியவர் குடும்பத்தின் திட்டம் தெரிந்து தப்பி ஓடிய பிறகுதான் இது வெளியே பெரிதாகப் பேசப்பட்டது.

போனில் மிரட்டிப் பணம் பறித்திருந்தால் 1930-க்கு உடனே, ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

அதற்குப் பிறகு

புகார் கொடுத்த முதல் சில வாரங்கள்தான் ஆபத்தானவை. சாப்பாட்டைக் குறைப்பது, பேசாமல் இருப்பது, பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் விடாமல் இருப்பது என்று அடி இல்லாத தண்டனைகள் தொடங்கும். இதையும் நோட்டில் எழுதி, சமூகநல அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். எஃப்.ஐ.ஆர். ஆகியிருந்தால் 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று போலீஸ் உங்களுக்குச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் எஃப்.ஐ.ஆர். எண்ணோடு எழுதிக் கேளுங்கள். வங்கிக்குப் போய் ஏ.டி.எம். கார்டை முடக்கிப் புதிது வாங்குங்கள், பதிவு செய்த போன் எண் மகனுடையதாக இருந்தால் மாற்றுங்கள். இலவச வழக்கறிஞர் வேண்டுமென்றால் 15100. முதியோர் இல்லத்துக்குப் போவதாக முடிவானால், பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்த்துவிட்டு, அவரையும் ஒருமுறை அழைத்துப்போய்க் காட்டிவிட்டு, அங்கே மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் உட்கார்ந்திருந்து, இருப்பவர்களிடம் பேசிய பிறகு சேருங்கள். இல்லம் எந்த ஸ்டேஷன் எல்லையில் வருகிறதோ அங்கே அவர் பெயரைப் புதிதாகப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி இன்னொரு மனு கொடுக்க வேண்டும், பழைய ஸ்டேஷன் பட்டியல் அவரோடு தானாகக் கூட வராது.